ஹெஸ்டர் ஓக்கண்டன், 1928–2024

புத்தகத்தில் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டுவது எனக்குப் பிடிக்காது, சார்ஜென்ட். புதுச் சட்டையில் ஒட்டுப் போட்டதுபோல இருக்கும்.

எங்கள் மூதாதை ஜோசையா ஓக்கண்டன் 1851இல் கப்பலை விட்டு இறங்கி, காண்டர்பரியில் ஆடு மேய்க்கத் தொடங்கினார். அவர் முதல் போன வருடம் பிறந்த குழந்தைவரை அறுநூற்றுப் பதினெட்டுப் பேரைத் தேடிப் பிடித்து எங்கள் குடும்ப வரலாற்றைப் புத்தகமாக எழுதினேன். பத்தொன்பது வருட உழைப்பு. எங்கள் குடும்பத்தில் ஒரே பெயரை எல்லாக் கிளையிலும் வைப்பார்கள். மார்ச் மாதம் ஹெஸ்டர் ஓக்கண்டன் காலமானார் என்று பேப்பரில் பார்த்ததும், நெல்சனில் இருந்த என் அத்தைதான் என்று நினைத்து, இறந்த வருடம் 2024 என்று போட்டுவிட்டேன். போனது திமாருவில் இருந்த வேறொரு ஹெஸ்டர்.

அக்டோபரில் குடும்ப விழா. பெரிய கூடாரம், நானூறு பேர், கிளைக்கு ஒரு நிறத்தில் பெயர் அட்டை. அத்தை பாவ்லோவா கேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். புத்தகத்தைப் புரட்டினார்.

"அடி மெர்ல், என்னைக் கொன்னுட்டியாடி? முன்னாடியே சொல்லியிருந்தா கேக் செய்ற வேலையாவது மிச்சமாயிருக்கும்."

கூடாரமே சிரித்தது. என் தம்பி டெஸ்மண்ட் அவருடைய அட்டையில் கறுப்பு ரிப்பன் குத்தினான். வரிசையில் நின்று அவரிடமே துக்கம் விசாரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"சீட்டு ஒட்டிரலாம்க்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்றான் டெஸ்மண்ட்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் தேதி கிடையாது, வருடம் மட்டும்தான். வருடம் முடிய இன்னும் பத்து வாரம் இருந்தது. அத்தைக்கு வயது தொண்ணூற்றாறு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொறுமையாகக் காத்திருந்தேன். வாரம் தவறாமல் போன் செய்து உடம்பு எப்படி என்று கேட்டேன். "என் மேல இவ்ளோ பாசமாடி உனக்கு?" என்று அத்தை நெகிழ்ந்துபோனார். பாசம்தான். நவம்பரில் அவருக்குச் சளி பிடித்தது, நம்பிக்கையாக இருந்தது. ஒரே வாரத்தில் எழுந்து புல் வெட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு நெல்சன் போனேன். முப்பத்தொன்றாம் தேதி மதியம் மூன்று மணிக்கு, கோடை வெயிலில், அத்தை ப்ளம் பழம் பறிக்க ஏணியில் ஏறினார்.

"இறுக்கிப் பிடிச்சுக்கடி. இன்னொரு தடவை செத்தா உன் புத்தகத்துல எடமில்ல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் ஏணியைத் தள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் ஜனவரி இரண்டாம் தேதி காலைவரை மூச்சை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்கள். அது அவர்கள் செய்த காரியம், நான் என் வேலையை உரிய வருடத்திலேயே முடித்துவிட்டேன். வாக்குமூலத்தில் கொலை என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரி, கையெழுத்துப் போடுகிறேன். இறந்த வருடம் என்ற இடத்தில் மட்டும் 2025 என்று அடித்திருக்கிறீர்கள். அந்தப் பிழையைத் திருத்திக் கொடுங்கள்.