இன்னும் கொஞ்சம் ஆடுது

அதை மட்டும் திரும்பப் பையிலேயே வைங்க தம்பி. மட்டம் பாக்குற அந்த ரசமட்டத்தை. கோவிச்சுக்காதீங்க, காரணம் இருக்கு, சொல்றேன். எங்க வீட்டுக்காரரு வார்னிஷ் வாங்கத்தான் போயிருக்காரு. கடைக்காரரோட நாலு வார்த்தை சண்டை போடாம திரும்பமாட்டாரு. அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன். உக்காருங்க. ஐயையோ, அது மேல இல்ல. அதுதான் மேஜை.

பரவால்ல விடுங்க, வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறாங்க. கரண்ட் மீட்டர் பாக்க வந்தவரு இது மேல உக்காந்து நிதானமா ஷூ லேஸ் கட்டினாரு. எங்க வீட்டுக்காரரு மூஞ்சியப் பாக்கணுமே.

செஞ்சப்ப நல்ல உசரம்தான் தம்பி. இதோ, என் இடுப்புக்கு வரும். வேலைலேர்ந்து ஓய்வு வாங்கின கையோட ஆரம்பிச்சாரு. அதுவரைக்கும் ஆபீஸ்ல ஃபைல் புரட்டின கை. சுவத்துல ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிச்சு நான் பார்த்ததில்ல. எங்கேயோ இடிச்ச வீட்டுலேர்ந்து பழைய கதவு ரெண்டைத் தூக்கிட்டு வந்தாரு. பிரிச்சாரு, இழைச்சாரு, தேய்ச்சாரு. சாப்பாட்டுல கூட மரத்தூள். எதுக்கு இந்த வயசுல எழுதுற மேஜைன்னு நான் கேக்கல. கேக்குற நிலைமையில இல்ல. அதுக்கு வரேன்.

வேலையில குறை சொல்ல முடியாது. நீங்க தச்சு வேலை தெரிஞ்சவரு, மூலையப் பாருங்க, ஒரு ஆணி கிடையாது. ஒரு மரத்துக்குள்ள இன்னொரு மரம் புகுந்து உக்காந்திருக்கு. இழுத்துப் பாருங்க. இழுங்க, பயப்படாதீங்க. வராது. ஆனா வெளிச்சம் வேணும்னு இந்த ஜன்னல் மூலையில கொண்டுவந்து போட்டாரு பாருங்க, ஆடுச்சு.

கால் உசரம்னாரு. கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயி சீவினாரு. அங்க சரி பண்ணி நிறுத்தினா சிலை மாதிரி நிக்குது. இங்க கொண்டு வந்தா ஆடுது. திரும்பவும் கூடம், திரும்பவும் சீவல். அங்க நிக்குது, இங்க ஆடுது. இப்படியே சீவிச் சீவி மேஜை என் முட்டிக்கு வந்துடுச்சு. ட்ராயரைத் திறந்தா தரையைப் பெருக்குது. இன்னும் கொஞ்சம் ஆடுதும்பாரு. ஆமா, ஆடுதும்பேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? தெரியும் தம்பி. எனக்கு முதல் நாளே தெரியும். மேஜையில ஒண்ணும் கோளாறு இல்ல. தரையிலதான் பள்ளம், அதோ அந்த மூலையில. கண்ணுக்குத் தெரியாது. தினம் இந்த வீட்டைத் துடைக்கிறவ நான். ஒரு சொம்பு தண்ணி கொட்டினா எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியாதா?

சொல்லியிருக்கலாம்தான். ஒரு அட்டையை மடிச்சு காலுக்கு அடியில வச்சா வேலை முடிஞ்சுது.

நாங்க பேசிக்க மாட்டோம் தம்பி. நானும் அவரும். ரொம்ப வருஷமா. சண்டை எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே பாதி மறந்துபோச்சு. கோபம் மட்டும் பத்திரமா இருக்கு. அதனால குடும்பம் ஒண்ணும் நின்னுபோகல. நடுவுல பையன் இருந்தான்ல. உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லுடாம்பேன். அவரு பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லுடாம்பாரு. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவைன்னு கழுத்தைத் திருப்பியே வளந்தவன் அவன். அப்புறம் வெளியூர்ல வேலை கிடைச்சுது, போயிட்டான். வேலை கிடைச்ச சந்தோஷமா, எங்ககிட்டேர்ந்து தப்பிச்ச சந்தோஷமா, தெரியல.

அவன் போனதும் வீடு அடங்கிப்போச்சு. தட்டை நங்குன்னு வச்சா சாப்பாடு ரெடின்னு அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு. பயமா இருந்துச்சு தம்பி. இப்படியே ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை இல்லாம போய்ச் சேந்துடுவோமோன்னு. அதுக்காக நான் போயி முதல்ல பேச முடியுமா? அது எப்படி?

அப்பதான் இது ஆடுச்சு. கூடத்துக்குக் கொண்டு போகணும். ஒத்தை ஆளா தூக்க முடியல. சுத்திமுத்திப் பார்த்தாரு, என்னைத் தவிர யாரு இருக்கா? தொண்டையைச் செருமினாரு. அந்தப் பக்கம் பிடின்னாரு. சுவத்தைப் பார்த்துத்தான் சொன்னாரு. ஆனா சுவத்துக்குக் கை இல்லியே. நான் போயி பிடிச்சேன்.

இப்ப பேச்சு வளந்துடுச்சு. மெதுவாம்பாரு. இடிக்கப்போறீங்கம்பேன். கண்ணு இருக்கும்பாரு. போன வாரம் கூடத்துல இறக்கி வச்சதும் ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கிச்சு. இது மேலயே பக்கத்துல பக்கத்துல உக்காந்து டீ குடிச்சோம். டீ நல்லா இருக்குன்னாரு. என்னைப் பார்த்து.

அதனாலதான் சொல்றேன். நீங்க மட்டம் வச்சுப் பார்த்து பள்ளம்னு சொல்லிட்டீங்கன்னா, அவரு அட்டையை வச்சுட்டு முடிச்சிடுவாரு. அப்புறம் நாங்க எதைத் தூக்குறது? இந்தக் காலு ஒரு நூல் உசரம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்.

எதுக்குச் சிரிக்கிறீங்க?

மேஜையைச் சரி பண்ண வரலையா? டேப்பைத் தேடத்தான் அதை வெளிய எடுத்தீங்களா. பின்ன எதுக்கு வந்தீங்க? ஸ்டூலா? இதுக்குத் தோதாவா? ஆமா, இந்த உசரத்துக்கு எந்த நாற்காலியும் சேராதுதான். அதையும் அவரே செய்யப்போறாராமா. மரம் எவ்வளவு வேணும்னு மட்டும் நீங்க பார்த்துச் சொல்லணுமா. சரி.

என்னது?

மேஜை ஆட்டத்தையும் நிறுத்தித் தரேன்னு நீங்க சொன்னதுக்கா? வேண்டாம், அது தரையில பள்ளம், தனக்கு ரொம்ப நாளாத் தெரியும்னாரா. அவரே சொன்னாரா?

வீட்ல சொல்லிடாதீங்கன்னாரா.

ம்.

தண்ணி குடிக்கிறீங்களா தம்பி? எனக்கு வேணும். இருங்க.

வாசல் கேட் சத்தம், அவருதான். நீங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லல, நானும் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. சீக்கிரம், டேப்பைப் பிடிங்க. அந்த ஸ்டூலுக்கு எத்தனை கால் போடுறதா பேச்சு? மூணா? மூணு கால் போட்டா எந்தத் தரையிலயும் ஆடாதா?

வேண்டாம் தம்பி. நாலு போடச் சொல்லுங்க.