பையில் தங்கிய கரைப்பானும் பழி துடைத்த மனிதரும்

நம் தேயிலைத் தூளை நம்பித் தம் கடையில் முதன்முதலில் இடம் தந்த அவைத் தலைவர் மருதாம்பாள் அம்மா அவர்களே, கீழ் கோத்தகிரிச் சரிவெல்லாம் கால் நோக இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு இங்கே குழுமியிருக்கும் என் தாய்மார்களே, உங்கள் ஜெஸிந்தாவின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

நன்றி சொல்ல வந்திருக்கிறேன். யாருக்கு? இதோ, மேடை ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறாரே, கோயம்புத்தூர் கீர்த்திவாசன், அவருக்கு!

தேயிலை விலை தேய்ந்த காலம். எஸ்டேட் மூடியது, அடுப்பு அணைந்தது, நாம் அடங்கினோமா? ‘இல்லை’ என்கிறார்கள் பின்வரிசையில். நன்றாகச் சொன்னீர்கள்! சுகுணா அக்கா தலைமையில் குழு அமைத்தோம். ஃபேக்டரியில் தூள் வாங்கி, பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்றோம். அடைத்து ஒட்டும் மெஷின் என் வீட்டில் இருந்தது; வேலையும் என்னுடையது.

கொஞ்ச நாளில் கடைகளிலிருந்து பைகள் திரும்பின. மணக்க வேண்டிய தூளில் பெயிண்ட் வாடை! தூளெல்லாம் நமுத்துக் கிடந்தது! எல்லோர் கண்ணும் என் மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் விழுந்தது.

“ஒன் அடுப்பு வாடதான் ஜெஸிந்தா. மெஷின எடுத்துக்கிறோம்,” என்றார் சுகுணா அக்கா.

அழுதேன். அழுது ஓய்ந்ததும், மீதமிருந்த வெறும் பைகளோடு பஸ் ஏறி, அவற்றைச் செய்த கோயம்புத்தூர்க் கம்பெனிக்கே போனேன். அங்கே தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர் இவர். என்னைத் துரத்தவில்லை; உட்காரச் சொன்னார். ஒரு பையை முகர்ந்தார். முகம் மாறிற்று.

“ஏனுங்க, இதுல இன்னும் தூளே போடலீங்களே?”

“இல்ல சார். நீங்க அனுப்புன கட்டுல இருந்து உருவினது.”

பையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகளை ஒட்டும் பசையில் கரைப்பான் என்றொரு திரவம் கலப்பார்களாம். ஒட்டியபின் அது ஆவியாகிவிட வேண்டும். அவசரமாகக் காயவைத்தால் உள்ளேயே தங்கிவிடும். தங்கியது சும்மா இருக்குமா? நெருங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் இழைகளை நெகிழ்த்தும். நெகிழ்ந்த இடத்தில் காற்று நுழையும், ஈரம் நுழையும்! கண்ணுக்கு ஓட்டையே தெரியாது! ஆக்ஸிஜன் எவ்வளவு ஊடுருவுகிறதென்று கருவியில் வைத்து அளந்தார். அதே பையை நன்றாக உலர்த்தி மறுபடி அளந்தார். ஊடுருவல் குறைந்தது, வாடையும் போயிற்று!

அப்போது அவருடைய மேலாளர் வந்தார். “இதையெல்லாம் அந்தம்மாகிட்ட எதுக்குச் சொல்றீங்க? அடுப்பு வாடைன்னு சொல்லி அனுப்புங்க.”

வேலை போய்விடுமோ என்ற பயம் இவருக்கும் இருந்தது. ஆனாலும் சொன்னார்: “பை நம்முளுதுங்க சார். பழி மட்டும் இந்தம்மாளுதுங்களா?”

அந்த ஞாயிறே மலையேறி வந்து, குழுவின் முன்னால் நின்று, “தப்பு எங்க பையிலதானுங்க,” என்றார். சுகுணா அக்கா மெஷினைத் தானே சுமந்து வந்து என் வீட்டில் இறக்கி, “கோவிச்சுக்காத புள்ள,” என்றார். அக்கா, இப்போது தலை குனியாதீர்கள்! அது அன்றே முடிந்தது.

கம்பெனி நன்றாக உலர்த்திய பைகளை மாற்றித் தந்தது. இன்று நம் தூள் குன்னூர்வரை மணக்கிறது.

கருவி இருக்கலாம், கல்வி இருக்கலாம். கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? கீர்த்திவாசன் அவர்களே, நீங்கள் எனக்குத் திருப்பித் தந்தது என் பெயர். ஊர் கூடிய சபையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னை இப்போது மேடைக்கு அழைத்தார்கள். எழுந்து நில்லுங்கள் ஐயா, இந்தச் சபை உங்களைக் கண்ணாரக் காணட்டும்!

காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்!