ஏழு நொடி

ஒரு திரை திறக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். உங்களுக்கும் வரும், ஐயா. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவமனைக்கு அந்த ஆப்பைச் செய்து கொடுத்தவன் நான். ஒரே தடவை எழுதினேன், எல்லா வகைப் போனிலும் ஓடியது. நோயாளிகளின் மருந்துப் பட்டியல் ஏற்கெனவே மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் இருந்தது. இருப்பதை மறுபடி கட்டுவானேன்? ஆப்புக்குள் ஒரு ஜன்னல் வைத்தேன், அந்தப் பக்கம் அதன் வழியே தெரிந்தது. வெளியிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தோன்றாது. ஒரே குறை, திறக்க ஏழு நொடி ஆனது.

என் மாமனார் இதய நோயாளி. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். தினமும் காலையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்ம மாப்பிள்ளை செஞ்சது. குளிச்சிட்டு வந்தா திறந்திருக்கும்" என்பார். இணையம் மந்தம் என்று ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது.

அதனால் பக்கத்தின் நகலைப் போனிலேயே சேமித்து, அதையே காட்டும்படி செய்தேன். கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. எங்கள் அலுவலகத்தில் என் வேலையைச் சோதித்துப் பார்ப்பவன் என் மச்சினன். அவன் மெனக்கெட்டு என் மேசைக்கே வந்தான்.

"மாமா, டாக்டர் அளவை மாத்தினாலும் இது பழசையே காட்டுது. புதுசு வந்திருக்கான்னு பாத்துட்டுக் காட்டற மாதிரி செய்யுங்க."

அப்படிப் பார்க்கப் போனால் மறுபடியும் ஏழு நொடி. சரிசெய்துவிட்டேன் என்று எழுதி அனுப்பினேன். அக்கா புருஷன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? அவன் மறுபடி சோதிக்காமல் ஒப்புதல் கொடுத்தான். தன் கையாலேயே அப்பாவின் போனிலும் ஏற்றிக் கொடுத்தான்.

"சும்மா சொல்லக் கூடாது மாப்பிள்ளை, பறக்குது" என்றார் மாமனார். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், மறைக்கவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. முடிவைப் பார்த்துவிட்டுப் புது அளவை ஆப்பில் போடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். போடவும் செய்தார். ரத்தம் உறையாமலிருக்க மாமனார் சாப்பிட்ட மாத்திரை, இரண்டிலிருந்து அரையாகக் குறைந்தது. என் கணினியில் மருத்துவமனையின் பக்கத்தைத் திறந்தேன், அரை என்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாமனாரின் போனில் இரண்டு என்று இருந்தது. இரண்டையும் நான் பார்த்தேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அந்தக் கதை ஓடியிருக்கும். நான் மாத்திரை விழுங்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

நான்காம் நாள் பல் தேய்க்கும்போது அவருக்கு ரத்தம் வந்தது. ஏழாம் நாள் முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. "வயசாயிடுச்சு மாப்பிள்ளை" என்றார். ஆமாம் என்றேன். பன்னிரண்டு நாளும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான். பதின்மூன்றாம் நாள் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார்.

என் மச்சினனை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். பெற்ற அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுகிறான். பாவம்தான். ஆனால் நான் அவனுக்காகக் காவல் நிலையத்துக்கு வரவில்லை.

உங்கள் அறிக்கையில் 'ஆப்பில் ஏற்பட்ட கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. தெரிந்துதான் செய்தேன், கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். என் ஆப்பில் கோளாறு கிடையாது. அவர் போன் உங்களிடம்தானே இருக்கிறது, திறந்து பாருங்கள். ஒரு நொடிகூட ஆகாது.