இன்னொரு பஸ் வரும்

வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள் ஜியாவுல்லா பாய். துணியில் வடிகட்டிய தண்ணீர்தான். தண்ணீரில் இருக்கும் புழுவைக்கூடக் கொல்லக்கூடாது என்று வளர்ந்த ஜைனன் நான்.

நீங்கள் கேட்க வந்தது எனக்குத் தெரியும். பஸ்ராவில் வேலை பார்த்த வேணு, போன பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவன், உங்கள் கடையில் ஏறிப் பேசியிருக்கிறான். உங்கள் தங்கை புருஷன் அன்வர் பாஷாவுக்கு ஊர் திரும்ப பஸ் வரும் சேதியே தெரியாது என்று சொல்லியிருக்கிறான். வேணு பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் அவனுக்குப் பாதிதான் தெரியும்.

எண்பதில் ஈராக்குக்கும் ஈரானுக்கும் சண்டை மூண்டபோது, எங்கள் வாரப் பத்திரிகையில் போகிறேன் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். அதுவரை தீபத்துக் கூட்டமும் ஏரி உடைப்பும் எழுதிக்கொண்டிருந்தேன். பஸ்ராவில் ஓட்டல் ஜன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் மறைவில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதில் பாதியை அங்கிருந்த தணிக்கை அதிகாரி அடித்துவிடுவார். மிச்சத்தை டெலக்ஸில் அனுப்பினால் சென்னையில் இன்னும் வெட்டுவார்கள். கடைசியில் நாலு வரி வரும், தலைவலி மாத்திரை விளம்பரத்துக்குக் கீழே. அதே இதழில் ஒரு நடிகையின் கல்யாணத்துக்கு நடுப்பக்கம் முழுசாகக் கொடுத்திருந்தார்கள்.

ஆசிரியரிடம் போனில் கேட்டேன். “சண்டைய ரேடியோவுலயே சொல்லிடறான்யா. நம்ம ஆளு எவனாவது அங்க மாட்டிக்கிட்டிருந்தா எழுது, இல்லன்னா கிளம்பி வா” என்றார். நீங்கள் வியாபாரி. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, ஒருவரும் கடையேறாத நாளில் மனசு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு எல்லா நாளும் அப்படித்தான் இருந்தது.

அப்போதுதான் அன்வர் கிடைத்தார். ஒரு கட்டடக் கம்பெனியில் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். திருவண்ணாமலை என்றதும் கட்டிப் பிடித்துக்கொண்டார். நம்ம பக்கத்தில் ஜைனர்களைக் கூப்பிடுகிற வழக்கப்படி என்னை நயினாரே என்றுதான் கூப்பிடுவார். வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டேன் என்று தெரிந்ததும், எனக்கென்று தனிச் சட்டியில் பருப்பு வேகவைத்தார். அரபி சரளமாகப் பேசுவார். தண்ணி லாரியை எந்தச் சோதனைச் சாவடியிலும் நிறுத்த மாட்டார்கள். மற்ற நிருபர்கள் பாஸ் வைத்திருந்தும் போக முடியாத இடத்துக்கெல்லாம் நான் லாரியில் போனேன். ‘குண்டுமழையில் ஒரு திருவண்ணாமலைக்காரர்’ என்று எழுதினேன். நடுப்பக்கம் வந்தது. ஆசிரியர் தானாகவே போன் பண்ணினார். “அன்வர விட்றாதய்யா” என்றார். சண்டை நடக்கும் ஆற்றங்கரையிலிருந்து ஒரு படம் மட்டும் வந்துவிட்டால் அட்டையில் போடுவதாகச் சொன்னார்.

அந்த வாரம்தான் நம்ம தூதரகத்து ஆள் ஓட்டலுக்கு வந்தார். காலையில் குவைத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது, அங்கிருந்து விமானம், நம்ம ஆட்கள் தங்கியிருக்கும் கம்பெனி கேம்ப்பில் போன் வேலை செய்யவில்லை, நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றார். நான் போனேன். எல்லாரிடமும் சொன்னேன். அன்வர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அவருக்கு யார் சொல்வது என்று வேணு கேட்டான். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் பஸ் ஏறிவிட்டால் எனக்கு லாரி இல்லை, பாஷை இல்லை. மறுபடியும் மாத்திரை விளம்பரத்துக்குக் கீழே. தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கே போய் அவரைப் பார்த்தேன். கேம்ப் ரோட்டில் கெடுபிடி ஜாஸ்தியாக இருக்கிறது, இன்றைக்கு என் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குத் தொந்தரவாக இருக்குமே என்றுதான் அவர் தயங்கினார்.

விடிந்ததும் ஆற்றுக்குக் கிளம்பினோம். வழியில் அந்த பஸ் எதிரே வந்தது. ஜன்னலில் வேணு கையை ஆட்டினான். அன்வர் லாரியை மெதுவாக்கினார்.

“நம்ம பசங்க மாதிரி இருக்குதே நயினாரே. எங்க போறாங்க?”

“ஊருக்கு. இன்னொரு பஸ் வரும்.”

“அப்ப அதுல நான் ஏறிடறேன். பொண்ணு பேசவே ஆரம்பிச்சிடுச்சாம்” என்று சிரித்தார்.

நான் பொய் சொல்லவில்லை பாய். அடுத்த வாரம் இன்னொரு பஸ் வந்தது. நானே அதில்தான் குவைத் போனேன்.

ஆற்றுக்கு அக்கரையில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. லாரியை ஈச்ச மரங்களுக்குள் நிறுத்தலாம் என்றார் அன்வர். அங்கிருந்து எடுத்தால் படத்தில் புகை தெரியாது என்று சொல்லி வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி லாரிப் பக்கத்தில் நிற்கச் சொன்னதும் நான்தான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். குண்டு லாரிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. புகை கலைந்ததும் படம் எடுத்தேன். அதற்குத்தானே போயிருந்தோம்.

ராணுவ ஜீப் ஒன்று வந்தது. ஓர் ஆளுக்குத்தான் இடம் என்று சிப்பாய் விரலைக் காட்டி, அன்வரைத் தூக்கு என்று சைகை செய்தான். நான் நிருபர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டேன். படச்சுருள் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். அன்வருக்கு மூச்சு இருந்தது. நயினாரே என்று கூப்பிட்டார். இது வேணுவுக்குத் தெரியாது.

ஊருக்கு வந்ததும் நேரே உங்கள் தங்கை கைசர் ஜஹானைப் போய்ப் பார்த்தேன். எல்லாரும் பஸ்ஸில் வந்துவிட்டார்களே, இவர் மட்டும் ஏன் ஏறவில்லை என்று கேட்டது. “இருக்கறவங்களுக்குச் சம்பளம் ஜாஸ்தி தர்றதா கம்பெனியில சொன்னாங்கம்மா” என்றேன். கம்பெனி அப்படிச் சொன்னது நிஜம். காசுக்கு ஆசைப்பட்டு எங்களை விட்டுட்டாரா என்றது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் பேரையே எடுப்பதில்லை, இறந்த நாளுக்கு ஓதும் வருஷ பாத்தியாகூட ஓதவில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது குடும்ப விஷயம், நான் தலையிட முடியாது.

நீங்களும் மற்றவர்கள் மாதிரியே பார்க்கிறீர்கள். நான் இல்லையென்றால் அன்வர் பாஷா என்று ஒருவர் இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. அட்டையில் அவர் படம் வந்தது. ‘என் மடியில் தலை வைத்துத்தான் அன்வர் உயிர் விட்டார்’ என்று கட்டுரையை முடித்திருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தேரடியில் ஆட்கள் என்னை நிறுத்திக் கண் கலங்கினார்கள். நீங்களும் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

நம்பினால் நம்புங்கள் பாய். இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, அவர் தலையின் பாரம் என் தொடையில் தெரிகிறது.