தார் பூசிய மட்டிகள்

மட்டியைச் சுரண்டிய கையில் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தால் நாற்றம் போய்விடும். சோப்புக்குப் போகாது.

வாக்குமூலத்தைப் பேசச் சொல்லாமல் நீங்கள் எழுதத் தாள் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று, ஐயா. எனக்குப் பேச வராது. எட்டாம் வகுப்பில் படிக்கும்போது அம்மா இடுப்பு முறிந்து படுத்துவிட்டாள். அவளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்றேன். அதற்கு முன்பும் நான் வகுப்பில் வாய் திறந்ததாக யாருக்கும் நினைவிருக்காது.

எங்கள் வீடு ஓர் இரும்புப் படகு. கால்வாய்க் கரையோரம் கட்டியிருப்போம். தண்ணீருக்குள் இருக்கும் தகட்டில் எல்லாம் ஒட்டி வளரும்: பாசி, பச்சையாய்ப் பஞ்சு போல ஒன்று, நத்தை, விரல் நகம் அளவு மட்டிச் சிப்பிகள். மட்டி தன் உடம்பிலிருந்து நூல் விட்டுப் பிடித்துக்கொள்ளும். கரையில் குப்புறப் படுத்துப் பார்த்து, எந்த இடத்தில் எது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். யாரும் சொல்லாமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைப் பட்டறையில் மேலே ஏற்றி, ஒட்டியதையெல்லாம் சுரண்டி, தார் பூச வேண்டும். இந்த முறை அப்பா இடப்பக்கம், நான் வலப்பக்கம். அம்மாவின் கட்டிலுக்கு நேர் கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மட்டித் திட்டு இருந்தது. ஓரத்தில் நாலைந்தைப் பெயர்த்தேன். இரும்பும் செதில் செதிலாகக் கூடவே வந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன்; அமுங்கியது. அந்த இடத்தை மட்டிகள்தான் அடைத்துப் பிடித்திருந்தன.

அப்பா முன்பே சொல்லியிருந்தார்: “தகடு போயிருந்தா படகு உடைசலுக்குத்தான். உங்கம்மாவை ஏதாவது இல்லத்துல சேர்த்துட்டு, நீ அத்தை வீட்டுக்குப் போயிடு.” அத்தை வீட்டில் பதினோரு பேர். அத்தனை பேரும் கேள்வி கேட்கிறவர்கள்.

பட்டறைக்காரர் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“என்ன பாப்பா, உன் பக்கம் எல்லாம் கெட்டிதானே?”

தலையாட்டினேன்.

“வாய்க்குள்ளயும் மட்டி வளர்ந்துடுச்சா?”

“அவங்கம்மா மொத்தத்தையும் பேசித் தீர்த்துட்டா. இவளுக்கு மிச்சம் வைக்கலை” என்றார் அப்பா.

“எல்லாம் காதுல விழுது” என்றாள் அம்மா, படகுக்குள்ளிருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர் என் பக்கத்தைத் தட்டாமல் போய்விட்டார். நான் திட்டின் மேலேயே இரண்டு முறை தார் பூசினேன். மட்டிகள் உயிரோடுதான் இருந்தன. சிப்பி ஓடுகளை மூடிக்கொண்டு சில நாள் தண்ணீரில்லாமல் தாங்கும் என்று என் நோட்டில் இருந்தது. தாருக்குள் எத்தனை நாள் தாங்கும் என்று இல்லை.

செத்த மட்டியின் நூல் அழுகிப்போகும். ஐந்தாம் மாதம் அம்மாவின் கட்டிலுக்கடியில் பலகை ஈரமாயிற்று. கைப்பம்பால் இறைத்தேன். முதலில் வாரத்துக்கு ஒரு வாளி. பிறகு தினம் ஒரு வாளி. பிறகு நான்கு. அம்மாவிடம் சொல்லலாம் என்று போனேன். அவள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொன்னால் பட்டறையில் தலையாட்டியதையும் சொல்ல வேண்டிவரும். கட்டிலையாவது மாற்றிப் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். அதற்கும் காரணம் சொல்ல வேண்டும், ஐயா.

அன்று மத்தியானம் அப்பா டீசல் வாங்கப் போயிருந்தார். நான் கரையில் இருந்தேன். மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று கடந்துபோனது. அலையில் எங்கள் படகு கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடியது. அடியில் ஏதோ பிய்ந்த சத்தம் கேட்டது. என்னவென்று எனக்குத் தெரியும்.

“ஏண்டி, பாய் நனையுது.”

அம்மா ஒரு நாளைக்கு நாற்பது முறை கூப்பிடுவாள். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தேன்.

“இங்க வாடி. காலெல்லாம் தண்ணி.”

அடுத்த வரியையும் எழுதினேன்.

“ஊமைச்சி, எங்கடி தொலைஞ்ச?”

அதற்கப்புறம் இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை. படகில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கால்வாய் ஆழமில்லை, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே போனபோது தண்ணீர் என் இடுப்புவரைதான். படுத்திருப்பவளுக்கு அது போதும். ஓடிவந்து தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தாள், முடியவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். தண்ணீருக்குள் அவள் கனமாகவே இல்லை. ஒரு கையிலேயே வந்தாள்.

நான் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான், ஐயா. மற்றபடி நான் எதுவும் செய்யவில்லை, பேசாமல்தான் இருந்தேன்.