சந்தனம் பூசின பிராசசரு

டில்லிபாபு: …அதான் மாமு சொல்லிகினே கீறேன். உன் கம்பூட்டருல பிராசசர மட்டும் மாத்த முடியாது. புச்சு பிராசசரு இந்த போர்டுல உக்காராது.

பரசுராமன்: ஏன் உக்காராது? அமுக்கி உக்கார வை.

டில்லிபாபு: அமுக்குனா பின்னு வளைஞ்சிரும். போர்டையும் சேத்து மாத்தணும்.

பரசுராமன்: சரி, போர்டு. அவ்ளோதானே?

டில்லிபாபு: போர்டு மாத்துனா இந்த பழைய ரேமு சேராது. அதுவும் வேற…

பரசுராமன்: கேட்டியா அம்மு? சட்டைக்கு பட்டன் தைக்க வந்தா, பேண்ட்டு, ஷூ, சாக்ஸு எல்லாத்தியும் மாத்த சொல்றான். ஏந்திரு, வூட்டுக்கு போலாம்.

அம்மு: உக்காருய்யா நீ. டில்லி, இவரு கெடக்குறாரு, நீ எங்கிட்ட சொல்லு. பொட்டி அதே இருக்கட்டும், மானிட்டரு அதே இருக்கட்டும். உள்ள மட்டும் மாத்த, கம்மி துட்டுல இன்னா வழி?

டில்லிபாபு: யக்கா, எதுக்குன்னு சொன்னாதானே வழி சொல்ல முடியும். லெட்டரு அடிக்கவா, படம் பாக்கவா?

அம்மு: கிரேன் ஓட்ட.

டில்லிபாபு: இன்னாது?

அம்மு: ஆர்பர்ல கண்டெய்னர் தூக்குதுல்ல, ராட்சஸ கிரேனு… அத்த ஓட்டி பழகுற சாஃப்ட்வேரு. டிரெய்னிங் குடுக்குறவங்க பென் டிரைவுல போட்டு குடுத்தாங்க. இவரு டிரைலர் ஓட்றாருல்ல, அதே கம்பெனியில கிரேனுக்கு ஆள் எடுக்குறாங்க. திங்கக்கெழம டெஸ்ட்டு.

டில்லிபாபு: அட்ரா சக்க! மாமு கீழேருந்து மேல போறாரு! சொல்லவே இல்லியே நைனா?

பரசுராமன்: …இன்னா இப்ப அதுக்கு. ரோடு பூரா கேக்குறாப்ல கத்துவியா?

அம்மு: கண்டெய்னர தூக்கி கப்பலாண்ட கொண்டு போவசொல்லோ படம் அப்படியே நின்னுடுது டில்லி. பொட்டி ஊசலாடிகினே கீது, நாம புடிச்சி நிறுத்துனா ரொம்ப நேரம் கழிச்சிதான் கேக்குது. அதுக்குள்ள டமால்னு…

பரசுராமன்: உனக்கு எப்டி தெரியும்?

அம்மு: …பின்னால நின்னு பாத்தேன்.

பரசுராமன்: எப்போ?

அம்மு: எப்பவோ. வேலைய பாருய்யா. டில்லி, வழி சொல்லு.

டில்லிபாபு: ஒரு மூடிப்போன ஆபீசுலேருந்து எடுத்த செட்டு ஒண்ணு கீது. போர்டு, பிராசசரு, ரேமு, மூணும் ஒண்ணா. உன் வேலைக்கு ஜோரா ஓடும்.

பரசுராமன்: எவனோ ஓட்டி தேச்ச செகண்ட் ஆண்டா? வேணாம்பா. பழைய இரும்புக்கட சாமான்.

டில்லிபாபு: அப்ப புச்சாவே போட்டுக்கோ.

பரசுராமன்: அவ்ளோ துட்டுக்கு நான் எங்க போவேன்?

டில்லிபாபு: சரி, இதே போர்டுல ரேமு மட்டும் ஏத்தி தரேன். கொஞ்சம் தேவலாம்னு ஓடும்.

பரசுராமன்: செத்துப் போறதுல எவனாவது துட்டு போடுவானா? அதுவுமில்லாம இங்க கடலுக் காத்து. எத்த போட்டாலும் துரு புடிச்சிரும்.

டில்லிபாபு: ராயபுரத்துல நான் கட வெச்சிகினு கீறேன், எங்கிட்டயே கடலுக் காத்தா? மாமு… பழசும் வேணாம், புச்சும் வேணாம், செகண்ட் ஆண்டும் வேணாம். நீ வாங்க வந்தியா, வாங்கக் கூடாதுன்னு வந்தியா? எனக்கு ஒண்ணியும் புரியல.

அம்மு: எனக்கும்தான் புரியல. காலையிலேருந்தே இப்டிதான் பேஜாரு பண்ணிகினு கீறாரு.

டில்லிபாபு: இருங்க, மொதல்ல ஃபேன கழட்டி உள்ள பாத்துடலாம்… அட, இன்னா கமகமன்னு வாசன… யக்கா, இன்னா இது?

பரசுராமன்: இன்னாடா?

டில்லிபாபு: பிராசசருக்கும் ஃபேனுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு பசை தடவி கீணும். சூட்ட அதான் இழுத்து வெளிய தள்ளும். இங்க பாத்தா… மஞ்சளா… சந்தனம் மாமு! சாமிக்கு பூசற சந்தனம்!

பரசுராமன்: சந்தனமா? யாரு வெச்சது?

டில்லிபாபு: அதத்தான் நானும் கேக்குறேன்.

அம்மு: …நான்தான் கழட்டி பாத்தேன். அந்த வெள்ளப் பசை காஞ்சி பொருக்குத் தட்டி கீது. கை வெச்சா சுடுது. சந்தனம் குளிர்ச்சிதானேன்னு… கொஞ்சூண்டு…

டில்லிபாபு: யக்கா! மனுசனுக்கு வேர்க்குரு வந்தா பூசலாம். இதுக்குமா?

பரசுராமன்: நில்லு நில்லு. அது எப்டி அவ்ளோ சூடாவும்? நான் அத்த தொடவே இல்லியே!

அம்மு: தொடவே இல்லியா?

பரசுராமன்: …இன்னா?

அம்மு: இப்ப சொன்னியே. டெய்லி நீ உக்காந்து பிராக்டீஸ் பண்றேன்னு தானே எங்கிட்ட சொல்லிகினு கீற?

பரசுராமன்: அது… பண்ணேன்… தொட்டேன்… ரொம்ப தொடல.

டில்லிபாபு: இரு மாமு, என்னிய குழப்பாத. இந்த ஃபேனு தேஞ்சிருக்கிற தேய்மானத்த பாத்தா, பகலெல்லாம் வெச்சி ஓட்டி கீறாங்க. பகல்ல நீ டிரைலர்ல கீற. அப்ப யாரு ஓட்டுனது?

அம்மு: உனக்கு இன்னா இப்ப போலீசு வேல? அந்த செகண்ட் ஆண்டு செட்டையே போடு. துட்டு நான் தரேன், சீட்டு எடுத்தது கையில கீது.

பரசுராமன்: போடாத டில்லி.

அம்மு: போடு டில்லி.

பரசுராமன்: போடாதன்னு சொல்றேன்ல!

டில்லிபாபு: டேய் மாமு, இன்னாதான்டா ஆச்சி உனக்கு?

அம்மு: சொல்லுய்யா. டில்லி நம்ம பையன்தான்.

பரசுராமன்: …போன மாசம் எங்கள கிரேன் மேல ஏத்தி காட்டுனாங்க அம்மு. ஏணி… கம்பி ஏணி. காலுக்கு கீழ எல்லாம் தெரியுது. கடலு, லாரி, ஆளுங்க… பாதி ஏறசொல்லோ எனக்கு காலு வரல. கம்பிய கட்டிப்புடிச்சிகினு கண்ண மூடிக்கினேன். பெல்ட்டு போட்டு இறக்குனானுங்க. அல்லாரும் பாத்துகினு நின்னானுங்க. வெக்கமா கீது அம்மு. கம்பூட்டரு ஓடலன்னா பழக முடியல, அதான் போவலன்னு உங்கிட்ட சொல்லிக்கலாம்… அதுக்குதான் எல்லாத்தியும் வேணாம் வேணாம்னு…

டில்லிபாபு: அடப்பாவி மாமு…

பரசுராமன்: நீ ஆசையா சேத்த துட்டு. எனக்காக இதுல கொட்டாத. என்னால ஏற முடியாது.

அம்மு: தெரியும்.

பரசுராமன்: இன்னா தெரியும்?

அம்மு: அன்னிக்கே தெரியும். உன்கூட ஏறுனவன் பொண்டாட்டி ஹெப்சிபா என்கூடதான் கொழாயாண்ட தண்ணி புடிக்கிறா. நீயா சொல்வேன்னு காத்துகினு இருந்தேன்.

பரசுராமன்: தெரிஞ்சே… தெரிஞ்சிகினே என்ன இங்க இட்டாந்தியா? அப்ப இந்த போர்டு, பிராசசரு… திங்கக்கெழம டெஸ்ட்டு… இதெல்லாம் யாருக்குடி?

அம்மு: எனக்குதான்யா. பொம்பளைங்களும் வர்லாம்னு கம்பெனி நோட்டீசுல போட்டிருந்தான், பேரு குடுத்தேன். உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாமதான் இவ்ளோ நாளு… நேத்து எங்கள மேல ஏத்துனாங்க. உச்சி வரிக்கும் போய்ட்டேன். கீழ வண்டிங்கல்லாம் தீப்பெட்டியாட்டம் வரிசையா நிக்குது. உன் வண்டி எதுன்னு தேடிக் கண்டுபுடிச்சி, கைய ஆட்டுனேன் ஆட்டுனேன்… நீதான்யா நிமிந்தே பாக்கல.