காக்கை வீடும் பீப்பாய் வீடும்

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் படிக்க நல்ல கண்ணைவிட நல்ல முதுகுதான் முக்கியம், டாக்டரம்மா. நூலகத்தில் படச்சுருளைச் சுழற்றிப் பார்க்கும் கருவிக்கு முன்னால் போட்டிருக்கும் நாற்காலி எப்போதும் தாழ்வாகவே இருக்கும். நான் வீட்டிலிருந்து ஒரு தலையணை எடுத்துப் போவேன். பதினொரு வருடங்களுக்கு முன்பு, 1983ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், செவ்வாய்தோறும் பேருந்து பிடித்துப் போய் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்டது எளிய கேள்வி. ஐனா ஃப்ளெட்டின் இரத்தத்தில் பரம்பரையாக வரும் அந்த நோய் இல்லை என்று உங்கள் புதிய சோதனை சொல்லிவிட்டது. அவளுடைய பெரியப்பாவுக்கும் இல்லை, இரண்டு அத்தைகளுக்கும் இல்லை. அப்படியானால் நோயோடு கனடாவுக்குக் கப்பலேறிய ஜேம்ஸ் ஃப்ளெட் யார் வீட்டுப் பிள்ளை? வம்சப் படத்தை வரைந்து கொடுத்தவள் நான் என்பதால் என்னிடம் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். நான் அடிக்கடி எழுந்து ஜன்னல் பக்கம் போனால் தப்பாக நினைக்காதீர்கள். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எனக்கு நோய் கிடையாது; நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

எங்கள் மீன்பிடி ஊரான போர்ட்டார்னில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு ஃப்ளெட் குடும்பம். கடலுக்குப் போகிறவன் கடலுக்குப் போகிற வீட்டில்தான் பெண் எடுப்பான். ஆயிரம் தூண்டிலுக்கு இரை கோக்கத் தெரியாத பெண்ணை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? அதனால் ஃப்ளெட் ஃப்ளெட்டையே கட்டினான். பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயரையே வைத்தார்கள். ஒரே தெருவில் நான்கு அலெக்சாண்டர், ஐந்து மார்கரெட். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர். என் கணவர் காக்கை வீடு. ஐனா பீப்பாய் வீடு. கடையில் பற்று எழுதுவதும் படகில் பங்கு பிரிப்பதும் அந்தப் பெயரில்தான். தபால் நிலையத்தில் முப்பது வருடம் நான் கடிதம் பிரித்ததும் அப்படித்தான். பட்டப்பெயர் இல்லாத உறை வந்தால் எந்த வீட்டுக்கு என்று நானே முடிவு செய்வேன். ஒரு தடவைகூட யாரும் குறை சொன்னதில்லை.

1881 ஏப்ரலில் எங்கள் தெருவைக் கணக்கெடுத்தவர் உள்நாட்டிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர். விவசாயக் குடும்பத்துக்காரர். பட்டப்பெயரை எழுதுவது அநாகரிகம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றைக்கூட எழுதவில்லை. கையெழுத்து மட்டும் மிக அழகு.

அந்தக் குளிர்காலத்தில்தான் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து நோரின் ஃப்ளெட் என்ற பெண்ணின் கடிதம் வந்தது. அவளுடைய அப்பா பதினான்கு வருடம் கைகால் தானாக ஆடி, பேச்சுக் குழறி, கடைசியில் சொந்த மனைவியையே அடிக்கும் நிலைக்கு வந்து இறந்துபோனார். இப்போது அவளுடைய தம்பிக்குத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும், வந்தால் மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவின் தாத்தா ஜேம்ஸ் ஃப்ளெட், போர்ட்டார்ன்காரர், பெற்றோர் அலெக்சாண்டர், மார்கரெட். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ‘அங்கே எங்கள் சொந்தங்கள் இருந்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பிள்ளை பெறுவதற்கு முன்னால் தெரிய வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். நல்ல பெண். அவள் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அலெக்சாண்டர், மார்கரெட் என்று இரண்டு தம்பதிகள், இரண்டு வீட்டிலும் இருபதைத் தாண்டிய ஜேம்ஸ். தாளின் ஓரத்தில் செவிடு, குருடு, மனநிலை பிறழ்ந்தவர் என்று குறிக்க ஒரு பத்தி உண்டு. அது பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஒரு மார்கரெட்டுக்கு நேராக அது காலியாக இல்லை. வயது நாற்பத்தேழு.

எந்த மார்கரெட் என்று வெளியாளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஆசிரியர் துறைமுகத்திலிருந்து மேலே நடந்திருக்கிறார். உப்புக் கிடங்கு, ஆளில்லை என்று எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வாசல் அந்த மார்கரெட்டின் வீடு. அந்த வீட்டு அடுப்படியில் நான் இருபத்தாறு வருடமாகச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அழவில்லை. மனதுக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வலை வைக்கும் பரணில் அடைத்து வைத்திருந்த மாமனார். போர் அதிர்ச்சி என்றார்கள். என் கணவர் ஜோசப். கடைசி இரண்டு வருடம் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, குடி என்றார்கள், அவர் குடிக்கவே மாட்டார். காற்றில்லாத ஒரு காலையில், கண்ணாடிபோல் இருந்த கடலில், படகின் பின்பக்கத்திலிருந்து இறங்கிப்போனார். நாற்பத்து மூன்று வயது. வழுக்கி விழுந்தார் என்றார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு நல்ல காரணம் இருந்திருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள், லெக்ஸி. ஜூன் மாதம் அவளுக்குக் கலம் என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் தரையில் துணியைப் பரப்பி, வாய் நிறைய குண்டூசியோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, செத்தவங்கள எண்ணி முடிச்சாச்சா?”

“இன்னும் கொஞ்சம் பேர் பாக்கி.”

“நம்ம வம்சத்துல ஒரு ராஜா, மந்திரின்னு யாராவது தேறுவாங்களா? கலம் அம்மா முன்னாடி நானும் கொஞ்சம் மூக்க நிமித்திக்கலாம்ல.”

“எல்லாரும் மீன் பிடிச்சவங்கதான்டி.”

“சரியாப் பாத்தியா? காக்கா எதையாவது திருடியாவது சேத்து வெச்சிருக்குமே.”

அவள் சிரித்தாள். ஊசிகள் தரையில் சிந்தின. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது நான் முடிவு செய்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் பேருந்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். கிடைக்கவில்லை என்றால் நோரின் வேறு ஆளைக் கேட்பாள், நேரில் வருவாள். விடை கிடைத்தவர்கள் தேட மாட்டார்கள். ஆகவே ஒரு விடை கொடுத்தேன். மார்கரெட்டையும் ஓரத்தில் இருந்த அந்தச் சொல்லையும் அப்படியே எடுத்து, உப்புக் கிடங்கிலிருந்து பதினேழு வாசல் தள்ளி, பீப்பாய் வீட்டில் வைத்தேன். வம்சப் படத்தில் அது ஒரே ஒரு கோடு. அளவுகோல் வைத்துத்தான் போட்டேன்.

பீப்பாய் வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், இன்னொரு தம்பதி அவர்கள்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. ஐனாவின் அப்பா சின்ன வயதிலேயே படகோடு மூழ்கிவிட்டார். அவருக்கு வந்திருக்குமா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. அதுவும் வசதியாக இருந்தது. அந்தக் கிளையில் பிள்ளை பெறும் வயதில் இருந்தவள் ஐனா ஒருத்திதான். என் பக்கமும் ஒருத்தி. ஒன்றுக்கு ஒன்று. எண்ணிக்கையை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நோரினின் டாக்டர் நகரத்து மருத்துவமனைக்கு எழுத, அங்கிருந்து பீப்பாய் வீட்டுக்குக் கடிதம் வந்தது. உறையில் பட்டப்பெயர் இல்லை. சரியான வீட்டுக்கு நானே பிரித்து அனுப்பினேன்.

இரண்டாம் நாள் ஐனாவின் அம்மா பெல்லா தபால் நிலையத்துக்கு வந்தாள். ஓய்வூதியம் வாங்க வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏண்டி எல்ஸ்பெத், எங்க வீட்டுல எவனுக்குடி கை ஆடிச்சு? உன் புருஷன் கைதானே ஆடிச்சு! ஊரே பாத்துச்சே!”

“அவர் குடிச்சாருன்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீதானே பெல்லா.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் தாளின் நகலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அலெக்சாண்டர் ஃப்ளெட். மார்கரெட் ஃப்ளெட். ஓரத்தில் அந்தச் சொல். அவள் விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். அவர்கள் வீட்டுப் பெயர்கள்தானே. நூறு வருடத்துக்கு முந்தைய அழகான கையெழுத்தின் முன்னால் ஒருத்தியின் ஞாபகம் என்ன செய்யும்? நான் பல வருடம் என் கணவர் குடித்தார் என்ற பழியைச் சுமந்தவள். அன்றைக்கு மட்டும் அது எனக்கு உதவியது.

ஐனாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோரி என்று ஒரு படகு இயந்திரக்காரனோடு கல்யாணம் பேசியிருந்தார்கள். அவன் மோசமானவன் இல்லை; இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு மேற்குக் கரையில் வேலை தேடிக்கொண்டான். அவள் இலையுதிர் காலத்தில் நகரத்துக்குப் போய், இனிப் பிள்ளை பெறாதபடி அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தாள். திரும்பி வந்ததும் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

“நீங்க மட்டும் தேடலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது அத்தை. ஒரு குழந்தையப் பெத்து அதுக்கும் குடுத்திருப்பேன். உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்.”

அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் சந்தேகம் வந்திருக்கும். அதன் பிறகு வியாழன்தோறும் வருவாள். ஓட்ஸ் அடையும் வெண்ணெயும் வைப்பேன். அவள் பேசும்போது நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இது விசித்திரம்தான், டாக்டரம்மா: வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான், ஆனாலும் பார்ப்பேன். ஏதாவது ஒரு விரல் துடிக்காதா என்று எனக்குள் ஒன்று காத்துக்கொண்டிருந்தது. துடித்தால் நான் எழுதியது உண்மையாகிவிடும் அல்லவா? பதினொரு வருடத்தில் அவள் ஒரு சொட்டுத் தேநீர் சிந்தியதில்லை. சில வியாழக்கிழமைகளில் அவள் மேல் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

லெக்ஸிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவளின் ஞானஸ்நானத்துக்கு ஐனாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கொடுத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் கல்லறைப் பக்கம் நின்றாள். நான் போய் அவள் தோளில் சால்வை போர்த்தினேன். நான் கொடூரமானவள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நேற்று வியாழன். கதவைத் தட்டாமல் உள்ளே ஓடிவந்தாள்.

“அத்தை, எனக்கு இல்ல! ஒண்ணுமே இல்லையாம்!”

சிரித்தாள், அழுதாள், என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு தன் வயிற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தேழு வயது. போகும்போது வாசலில் திரும்பி, “உங்க மேல தப்பில்ல அத்தை. அந்த வாத்தியார் ஒழுங்கா எழுதியிருக்கணும்” என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன். அதிலும் உண்மை இருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். 1881இல் உப்புக் கிடங்குக்கு அடுத்த வாசலில் இருந்த மார்கரெட், காக்கை வீட்டு மார்கரெட். கனடாவுக்குப் போன ஜேம்ஸ் அவளுடைய மூத்த மகன். இளைய மகன் என் கணவருடைய தாத்தா. எனக்கு அது தெரியும். தெரிந்தே மாற்றினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. ஐனாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வார்த்தை வராது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். லெக்ஸியைப் பார்க்க இப்போது போக வேண்டாம். போன வருடத்திலிருந்து மாதாகோயிலில் உட்கார்ந்திருக்கும்போது அவளுடைய இடது தோள் தானாகத் தூக்கிப் போடுகிறது. பிரசங்கம் நீண்டால் இவள் தோளே ஆமென் சொல்கிறது என்று கலம் கேலி செய்கிறான். பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். சந்தோஷமான வீடு. பிப்ரவரியில் அவளுக்கு நாலாவது பிள்ளை பிறக்கப் போகிறது. அது நல்லபடியாகப் பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருப்பவளிடம் போய் இப்படி ஒரு செய்தியைச் சொல்ல, பெற்ற தாய்க்கு மனசு வருமா?